மொரீஷியஸில் ஒரு பள்ளி வாசலில் போர் நினைவுச்சின்னம் இருக்கிறதாமே, அது யாருக்காக? நம்மவர்களும், அதாவது அங்குள்ள தமிழர்களும், அதில் சேர்த்தியா?

கியூர்பிப் நகரத்து ராயல் காலேஜைத்தான் கேட்கிறீர்கள். கட்டடத்துக்கு முன்னால் இரண்டு வெண்கலச் சிப்பாய்கள் நிற்கிறார்கள். ஒருவர் பிரிட்டிஷ்காரர், மற்றவர் பிரெஞ்சுக்காரர். சின்னத்தை 1922இல் திறந்தார்கள். பிரிட்டிஷ் காலனியில் பிரெஞ்சுச் சிப்பாய்க்கு என்ன வேலை என்று தோன்றும். 1810 வரை தீவு அவர்கள் கையில்தானே இருந்தது. ஆட்சி மாறியும் பெரிய குடும்பங்கள் பேச்சிலும் பழக்கத்திலும் பிரெஞ்சாகவே இருந்தன. முதல் உலகப் போரில் அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு படைகளிலும் சேர்ந்தார்கள்.

நிற்பது பள்ளி வாசலில் என்றாலும், போரில் இறந்த மொரீஷியஸ்காரர்கள் எல்லோருக்குமான சின்னம் அது. நவம்பரில் மலர்வளையம் வைப்பது அங்கேதான்.

நம்மவர்கள் சேர்த்தியா என்றால், பேச்சுக்குச் சேர்த்திதான். ஆனால் அந்த இரண்டு சிப்பாய்களில் யார் எங்கள் பெரிய தாத்தா என்று கேட்டால் என்ன சொல்வது? ராயல் காலேஜ் படியேறியவர்கள் அன்றைக்குப் பெரும்பாலும் வசதிக்காரப் பிள்ளைகள். கரும்புத் தோட்டத்து நம் ஆட்கள் போனதெல்லாம் வேறு வழி. 1917இல் ஒரு தொழிலாளர் படை மெசபடோமியாவுக்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போரில் பயனியர் கோர் என்ற உடலுழைப்புப் படை எகிப்து, லிபியா, இத்தாலி என்று அலைந்தது. பெரிய தாத்தா அதில்தான் இருந்தார். மூன்றாம் வகுப்போடு நின்றவர். எகிப்தில் மூட்டை இறக்கினார், குழி வெட்டினார், கிடங்குக்குக் காவல் நின்றார். அவர் கொண்டுவந்த கம்பளிக் கோட்டை ஜூலைக் குளிரில் (இங்கே அப்போதுதான் குளிர்காலம்) பாட்டி போர்த்திக்கொண்டு படுப்பார். மழையில் நனைந்துவிட்டால் அதைப் பிழிய இரண்டு பேர் வேண்டும், அவ்வளவு கனம். பொத்தான்கள் மட்டும் கடைசிவரை பளபளவென்று இருந்தன.

இது எல்லோருக்குமான சின்னம்தான்; ஆனால் பொதுவாகப் பள்ளிகள் தாமே வைக்கும் நினைவுச்சின்னங்களில் எனக்கு இருக்கும் குறை இதுதான். தன் வருகைப் பதிவேட்டில் இருந்தவர்களைத்தான் ஒரு பள்ளியால் நினைக்க முடியும். பள்ளியே பார்க்காமல் போருக்குப் போனவனுக்கு யார் கல் நடுவது?

சரி, உங்கள் வீட்டில் யாராவது போய் இறந்திருந்தால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். உயிரோடு திரும்பியவர்கள் அதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு வீட்டுப் பெட்டியில் உள்ள சம்பளப் புத்தகமும் பதக்கமும் ஆதாரமாக உதவும். தேடும்போது பெயரைப் பலவிதமாகப் போட்டுப் பாருங்கள். இங்கே மொரீஷியஸில் குமாஸ்தாக்கள் பிரெஞ்சு எழுத்துமுறைப்படி எழுதிவைத்ததால், சின்னத்தம்பி ‘சின்னதாம்பூ’ என்றுகூட இருப்பார்.