சாரல் அடிக்கிறது, படத்தில் மேகம் இல்லையே?

கேள்வி: செங்கோட்டை பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். ஆடி மாதம் நாள் முழுக்கச் சாரல். செல்போனில் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் எங்கள் பக்கம் வெறும் சாம்பல் நிறம். இன்னொரு நாள் மாவட்டமே வெள்ளையாகத் தெரிகிறது, வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கிறது. எதை நம்புவது? பிள்ளைகளை வைத்து வானத்தைக் குறித்துவந்தால் அதற்கு மதிப்பு உண்டா?

பதில்: இரண்டையும் நம்பலாம். நீங்கள் பார்த்தது அகச்சிவப்புப் படமாக இருக்க வேண்டும். அது மேகத்தின் நிறத்தைக் காட்டுவதில்லை, அதன் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. குளிர்ந்தது வெள்ளை, வெதுவெதுப்பானது கறுப்பு. பெரிய இடிமேகத்தின் உச்சி மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே போகும், அதனால் பளிச்சென்று தெரியும். உங்கள் சாரல் மேகம் அந்த ரகம் இல்லை. மேற்கிலிருந்து மலையேறி, ஆரியங்காவு கணவாய் வழியாக இந்தப் பக்கம் வழிகிற குட்டை மேகம் அது. உச்சியே இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில்தான். அங்கே பத்து, பதினைந்து டிகிரி வெப்பம் இருக்கும். தரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாததால் படத்தில் சாம்பலாகக் கரைந்துவிடுகிறது. ஆனால் அருவி அதை நம்பித்தான் கொட்டுகிறது!

வெயில் அடித்த அன்று நடந்தது இதற்கு நேர்மாறு. பஞ்சைப் பிய்த்துப்போட்ட மாதிரியான கீற்று மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பரவியிருக்கும். அது முழுக்கப் பனித்துகள், அதனால் படத்தில் வெள்ளை. வெயிலை மறைக்கும் கனம் மட்டும் கிடையாது. பகலில், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் செயற்கைக்கோள் எடுத்த படத்தையும் சேர்த்துப் பாருங்கள். குட்டை மேகம் அதில் வெள்ளையாகப் பிடிபடும், கீற்று மங்கிப்போகும். இரவில் அந்த வசதி இல்லை.

இன்சாட்-3டிஆர் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்கிறது. அதன் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். அதற்குள் அடங்கும் சின்னத் திரள் மேகங்கள் தனியாகத் தெரியாது. மேலே மேகம் மூடிவிட்டால் அடியில் இருப்பதும் தெரியாது. அந்த அடிப்பக்கத்தைத்தான் உங்கள் பிள்ளைகள் பார்க்கிறார்கள். நாசா ஆதரவில் இயங்கும் ‘குளோப் அப்சர்வர்’ செயலி இதற்காகவே பொதுமக்களிடம் குறிப்பு வாங்கி, செயற்கைக்கோள் பதிவோடு ஒப்பிடுகிறது. நான்கு திசை, உச்சி, கீழே தரை என்று ஆறு படம் எடுக்கச் சொல்லும்.

செயலி இல்லாமலும் செய்யலாம், ஒரு நோட்டு போதும். வானத்தில் எத்தனை பங்கு மேகம் என்பதை உலகமெங்கும் எட்டில் ஒரு பங்கு கணக்கில்தான் எழுதுகிறார்கள். நமக்கு அது புதிதல்ல, பழைய அரைக்கால்தான். பிள்ளைகளிடம் அரைக்கால், கால், அரை, முக்கால் என்றே கேளுங்கள், சட்டென்று சொல்வார்கள். அடுத்து உயரம். கையை நீட்டிப் பிடித்து, தலைக்கு மேலே உள்ள சிறுதுண்டு மேகத்தை விரலால் மறைக்கச் சொல்லுங்கள். சுண்டுவிரலுக்குள் மறைந்தால் மிக உயரம், இரண்டு மூன்று விரல் வேண்டுமென்றால் நடு உயரம், அதற்கும் மேல் என்றால் தாழ்வு. சூரியன் பக்கம் மட்டும் வேண்டாம்.

பள்ளிக் கொடிக்கம்பத்தின் அடியில் நின்று நுனியைப் பாருங்கள். ஆடியில் தாழ்ந்த மேகம் நுனியைத் தாண்டிக் கிழக்கே ஓடும். இடைவெளி கிடைத்தால் அதற்கு மேலே கீற்று மெதுவாக மேற்கே நகர்வது தெரியும். உயரத்தில் அப்போது வீசுவது கீழைக்காற்று. இதைப் பார்த்த பிள்ளைக்கு மேகம் பல அடுக்கு என்பதைப் பாடம் நடத்த வேண்டியதே இல்லை.

நேரத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். பல படங்களில் இருப்பது யுடிசி எனும் உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். காலை 9 மணிக் குறிப்போடு ஒப்பிட வேண்டியது 03:30 என்று போட்ட படத்தை. 09:00 என்றிருந்தால் அது மதியம் இரண்டரை. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒப்பிடாதீர்கள், மேகம் அதற்குள் இடம் மாறிவிடும்.

சாரல் நாளில் தாழ்ந்த மேகம் வானத்தையே மூடியிருந்தால், ‘உயர்ந்த மேகம்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுத வேண்டாம். ‘தெரியவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்புவது செயற்கைக்கோளின் வேலை.