மகளுக்குப் பணி உறுதி. கூடப் போகும் மாப்பிள்ளைக்கு?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகளுக்கு ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் உகாண்டாவில் நர்ஸ் பணி கிடைத்திருக்கிறது. அவருடன் போவதற்காக மாப்பிள்ளை கோவை வேலையை விடப்போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். "சேவைக்குப் போகிறேன் என்று இரண்டு பேர் வேலையும் போய்விடுமோ?" என்ற உங்கள் பயம் புரிகிறது.

மகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. 1970-இல் ஐ.நா. பொதுச்சபை உருவாக்கிய திட்டம் இது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. சம்பளம் என்று தரமாட்டார்கள். ஆனால் மாதாமாதம் வாழ்க்கைச் செலவுக்குப் படி, மருத்துவக் காப்பீடு, போக்குவரத்துச் செலவு எல்லாம் உண்டு. விண்ணப்பதாரரிடம் எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. இடையில் யாராவது கட்டணம் என்று கேட்டால் அது மோசடிதான். நர்சிங் கவுன்சில் பதிவை மட்டும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்பி வந்து வேலை தேடும்போது இந்த அனுபவம் அவருக்குக் கைகொடுக்கும்.

நான் யோசிப்பது மாப்பிள்ளையைப் பற்றித்தான். மகளுக்கு அங்கே பணி, பதவி, சக ஊழியர்கள் எல்லாம் முதல் நாளிலிருந்தே இருக்கும். அவருக்கு "கணவர்" என்ற அடையாளம் மட்டும்தான் இருக்கும். இதுவரை தினமும் அலுவலகம் போய் வந்த மனிதர், வீட்டில் உட்கார்ந்து மனைவி வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், சில மாதங்களில் இருவருக்குள்ளும் சங்கடம் வரும். சேவைக்குப் போன தம்பதியர் பாதியில் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

அதனால் முதலில் பணியிடம் குடும்பத்தை அழைத்துப்போக அனுமதி உள்ள இடமா என்று மகள் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். பாதுகாப்பு காரணமாகக் குடும்பத்துக்கு அனுமதி இல்லாத பணியிடங்கள் உண்டு. அனுமதி இருந்தாலும், மனைவியைச் சார்ந்தவராகத் தங்கும் அனுமதியில் அவர் அங்கே வேலை பார்க்கலாம் என்று தானாக ஆகிவிடாது. சுற்றுலா விசாவில் போய் ஏதாவது தொண்டு செய்துகொள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம். பல நாடுகள் சம்பளமில்லாத சேவையையும் வேலையாகவே கருதுகின்றன. பக்கத்து நாடான தான்சானியாவில் தன்னார்வலரும் அதற்கான வதிவிட அனுமதி வாங்க வேண்டும்.

உடனே ராஜினாமா வேண்டாம். ஓராண்டு சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று நிர்வாகத்திடம் கேட்கட்டும். அங்கிருந்தே கணினியில் வேலை பார்க்க நிறுவனம் ஒத்துக்கொண்டால், அந்நாட்டு வரியையும் குடிவரவு விதியையும் விசாரித்த பிறகு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். ஐ.நா. திட்டத்திலேயே இணையவழித் தன்னார்வலர் பணியும் இருக்கிறது. வாரத்துக்கு 20 மணி நேரம் வரை செய்யலாம். கணக்கு, மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு என்று அவருக்குத் தெரிந்ததில் ஒன்று கிடைக்கலாம். வேலையை விடத்தான் வேண்டும் என்றானாலும் பி.எஃப். பணத்தைத் தொட வேண்டாம். 5 ஆண்டு பணிக்காலம் முடியும் முன் எடுத்தால் வரி விழும்.

கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டார்களா? தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். கணவன் மனைவி என்பதற்குச் சான்றாகக் கல்யாணப் பத்திரிகையையும் ஆல்பத்தையும் மட்டும் தூதரகத்தில் நம்பியிருக்க வேண்டாம். பாஸ்போர்ட்டில் துணைவர் பெயரையும் சேர்த்துவிடட்டும்.

உகாண்டா போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும்; அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். அது இல்லாமல் ஊர் திரும்பினால் இங்கே விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தலுக்குக் கொண்டுபோவார்கள். அது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகப் போடுவதில்லை. மலேரியா மாத்திரையிலும் கர்ப்ப காலத்துக்கு ஆகாதவை உண்டு. குழந்தை பற்றி அவர்களுக்கு ஏதாவது எண்ணம் இருந்தால் ஊசி போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடட்டும். நேரம் பார்த்து நீங்களே மகளிடம் இதைப் பேசுங்கள், அம்மா.