பல் மருத்துவ மாணவர்கள் முகவலி, வாய்வலி என்றால் ஏன் தயங்குகிறார்கள்?

சொத்தையை அடைப்பதிலோ பல்லைப் பிடுங்குவதிலோ கை நடுங்காத இறுதியாண்டு மாணவர்கூட, எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாத வலியோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் திணறிவிடுவார். பயிற்சியின் அமைப்பு அப்படி. எத்தனை பல் அடைத்தாய், எத்தனை பிடுங்கினாய் என்று கணக்குப் பார்ப்பார்கள். நாள்பட்ட வலிக்காரரிடம் பொறுமையாக விசாரிப்பதற்கு மதிப்பெண் குறைவு.

அப்புறம், வலிக்கும் இடமும் வலி கிளம்பும் இடமும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. மெல்லும் தசை இறுகினால் கடைவாய்ப்பல் வலிப்பதுபோலத் தோன்றும், மாரடைப்புகூடச் சில நேரம் தாடைவலியாக வரும், முகத்தின் உணர்வு நரம்பில் வரும் டிரைஜெமினல் நரம்புவலியோ மின்சாரம் பாய்ந்ததுபோல வெட்டி நொடிகளில் மறையும். இந்த நரம்புவலியைப் பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்குவது (அடிக்கடி நடக்கிற கூத்துதான்) வலியைக் குறைக்காது. இதற்குக் கார்பமசிபின் போன்ற மாத்திரைதான் முதலில் கொடுப்பது. சந்தேகமிருந்தால் அந்தப் பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுப் பாருங்கள். பல் நன்றாக மரத்தும் வலி அப்படியே இருந்தால் காரணம் வேறெங்கோ இருக்க வாய்ப்பு அதிகம்.

அமெரிக்காவிலேயே முகவலி, வாய்வலி சிகிச்சையைப் பல் மருத்துவத்தின் தனிச் சிறப்புத்துறையாக ஏற்றது 2020-இல்தான். அதனால் மாணவரின் தயக்கத்தை நான் குறையாகப் பார்க்க மாட்டேன். வலிநோய்ப் பிரிவில் மூத்தவர் பக்கத்தில் இருந்து, அவர் கேட்கும் கேள்விகளையும் தாடைத் தசைகளை அழுத்திப் பார்க்கும் விதத்தையும் கவனிக்க வாய்ப்புக் கிடைத்தால் மட்டும் விடாதீர்கள்.