எப்சிலானுக்கு எழுபது கொடுத்துப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான். இப்போது கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. நிரூபணங்களோடு நடத்தும் ஹானர்ஸ் கால்குலஸ் எடுத்திருக்கிறேன். எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது எக்ஸ் வர்க்கம் 9-ஐ நெருங்கும் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். எக்ஸ் வர்க்கத்துக்கும் 9-க்கும் உள்ள தூரம் எப்சிலான் என்ற எண்ணுக்குள் அடங்க, எக்ஸ் 3-லிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும், அந்தத் தூரம்தான் டெல்டா. டெல்டா என்பது எப்சிலானில் ஏழில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டு எழுதினேன். 10-க்கு 3 போட்டிருக்கிறார்கள். எப்சிலான் சின்ன எண்தானே, இதில் என்ன தப்பு? மொத்தத்தில் 38 மதிப்பெண். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கூடப் படித்த பலர் சாதாரண கால்குலஸுக்கு மாறிவிட்டார்கள். நானும் மாறிவிடவா? பெயர் போட வேண்டாம்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம். எக்ஸ் வர்க்கத்திலிருந்து 9-ஐக் கழித்தால் இரண்டு காரணிகள்: எக்ஸ் கழித்தல் 3, எக்ஸ் கூட்டல் 3. முதலாவது நம் கையில் இருக்கிறது, டெல்டாவைக் குறைத்தால் அதுவும் குறையும். இரண்டாவது 7-ஐத் தாண்டாது என்று வைத்துக்கொண்டீர்கள். எதை வைத்து? எக்ஸ் 4-க்குள் இருந்தால்தான் அது சரி. எப்சிலானுக்கு 70 கொடுத்துப் பாருங்கள். உங்கள் டெல்டா 10. எக்ஸ் 12 என்றால் 3-லிருந்து 9 தூரம்தான், உள்ளே வந்துவிடும். ஆனால் 144-ல் 9 போக 135. எழுபதுக்குள் அடங்கவில்லை.

எப்சிலான் 7 அல்லது அதற்குக் கீழே என்றால் நீங்கள் எழுதியது அப்படியே செல்லும். கேள்வியில் இருந்ததோ 'எந்த எப்சிலானுக்கும்'. '1, எப்சிலானில் ஏழில் ஒரு பங்கு, இரண்டில் எது சிறியதோ அதுவே டெல்டா' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அந்த ஒரு வரியை எழுதக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் பாடம்.

பள்ளிக்கூடத்தில் நாம் பழகியது சூத்திரமும் வேகமும். இங்கே கேட்பது வேறு. தொடர்ச்சியான ஒரு சார்பு ஓரிடத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் இன்னோரிடத்தில் மேலேயும் இருந்தால் நடுவே எங்கோ பூஜ்ஜியமாகத்தான் வேண்டும். படம் போட்டால் குழந்தைக்கும் தெரியும். ஆனால் விகிதமுறு எண்கள், அதாவது பின்னமாக எழுதக்கூடிய எண்கள், மட்டுமே இருந்தால் அது பொய். எக்ஸ் வர்க்கம் கழித்தல் 2 என்பது 1-ல் மைனஸ் 1, 2-ல் பிளஸ் 2. நடுவே பூஜ்ஜியமே ஆகாது, இரண்டின் வர்க்கமூலம் அங்கே இல்லை. அப்படியென்றால் மெய்யெண்களிடம் கூடுதலாக என்ன இருக்கிறது?

இதே இடத்தில் நின்றவர் ஜெர்மன் கணித அறிஞர் டெடெகிண்ட். 1858-ல் சூரிக்கில் வகை நுண்கணிதம் நடத்திக்கொண்டிருந்தார், வயது 27. படத்தைக் காட்டி ஒப்பேற்ற அவருக்கு மனம் வரவில்லை. அந்த வருடம் நவம்பர் 24-ல் விடை கிடைத்தது, அச்சுக்குப் போனது 1872-ல். கால்குலஸை உருவாக்கிய நியூட்டனுக்கும் லைப்னிட்ஸுக்கும் ஏறக்குறைய இருநூறு வருடம் கழித்து! இதை முதலாண்டில் சில வாரங்களில் கடக்கச் சொல்கிறார்கள். திணறாமல் எப்படி இருக்க முடியும்?

நானும் திணறினேன். கால்குலஸை அடிப்படையிலிருந்து நிரூபிக்கும் பகுப்பாய்வுப் பாடத்தின் முதல் தேர்வில் 50-க்கு 14. என்னைத் தூக்கிவிட்டது விடுதி நண்பன் ஒருவன். சாயங்காலம் காலி வகுப்பறையில் நான் கரும்பலகையில் எழுத, அவன் ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்?' என்பான். பதில் வராத வரியை அழித்துவிடுவான். விகிதமுறு எண்கள் எல்லாவற்றிலும் பூஜ்ஜியமாக இருக்கும் தொடர்ச்சியான சார்பு எங்கும் பூஜ்ஜியமே என்பதற்கு மூன்று சாயங்காலம் ஆனது. நிரூபணம் கடைசியில் நாலே வரி. அந்த நாலு வரி இன்றைக்கும் மறக்கவில்லை. அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

மாறலாமா என்றால், உதவித்தொகை மதிப்பெண்ணை நம்பி இருந்தால் கடைசித் தேதியை விசாரித்து மாறிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மேட் 157 என்ற கடினமான பாடத்தை விட்டு மேட் 137-க்குப் போகிறவர்களும் நிரூபணம் எழுதித்தான் ஆக வேண்டும், 'கால்குலஸ் வித் ப்ரூஃப்ஸ்' (நிரூபணங்களோடு கால்குலஸ்) என்று அந்தப் பாடத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. அப்படி நெருக்கடி இல்லையென்றால் இருங்கள். 38-ஐப் பற்றி எழுதும் முன்பே எப்சிலானைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறீர்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வீட்டுக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அதை மறைத்து வைத்துக்கொண்டு கணக்கில் மனம் நிற்காது. அப்புறம் விடைத்தாளில் மார்க் போன மற்ற கேள்விகளையும் எடுத்து, கடிகாரத்தைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். எந்த வரியில் நின்றுபோனீர்களோ, அந்தத் தாளோடு பேராசிரியரைப் போய்ப் பாருங்கள்.