நித்தியகல்யாணிச் சாறும் விரல் மரத்துப்போவதும்

சாற்றை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அப்பா இரண்டு மாதமாக நித்தியகல்யாணி இலைச்சாறு குடிக்கிறார், சர்க்கரை குறைந்தது, ஆனால் மலச்சிக்கலும் விரல் மரத்துப்போவதும் ஏன் என்றுதானே கேட்டிருந்தீர்கள்?

சாறு காரணமாக இருக்கலாம். இலையிலுள்ள விண்டோலின் போன்ற ஆல்கலாய்டுகள் (செடியில் இயற்கையாக உருவாகும் வேதிப்பொருள்கள்) சர்க்கரையைக் குறைப்பது பெரும்பாலும் ஆய்வகத்திலும் எலிகளிலும் கண்டது. அதே இலையில்தான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகளும் இருக்கின்றன. மலச்சிக்கலும் மரத்துப்போவதும் வின்கிரிஸ்டினின் தெரிந்த பக்கவிளைவுகள். வேடிக்கை என்னவென்றால், 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற ஆராய்ச்சியாளர்கள் சர்க்கரை நோய்க்காகத்தான் இதைச் சோதித்தார்கள். அவர்கள் சோதனையில் எலிகளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளையணுக்கள் சரிந்தன.

1. இந்த வாரமே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பாருங்கள். வெள்ளையணுவும் தட்டணுவும் (பிளேட்லெட்) முக்கியம்.
2. நிறுத்தியபின் தினமும் வெறும் வயிற்றில் சர்க்கரை பாருங்கள், ஏறக்கூடும்.

ஒன்று, இலையில் அந்த மருந்துகள் மிகமிகக் குறைவு. நாள்பட்ட சர்க்கரை நோயே நரம்பைப் பாதித்து இதே இரண்டையும் கொண்டுவரும். அதனால் சாற்றின் மேல் மட்டும் பழிபோட்டு இருந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள், குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம், சர்க்கரை மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வெள்ளையணு குறைந்திருக்கலாம் என்பதால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.