வெங்காயத்துக்கு நாலு கடை ஏறுபவர் ஒரு ரூபாய் சலுகையில் சிக்குவது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குவார். அப்படிப்பட்டவர் கணக்கிலிருந்து கதை கேட்கிற ஆப், குறுந்தொடர் ஆப், ஜாதக ஆப் என்று மாதாமாதம் பணம் போகிறது. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோதுதான் தெரிந்தது. கேட்டால், "நான் ஒரு ரூபாய்தானே கட்டினேன்" என்கிறார். ஆன்லைனில் ஏதாவது வாங்கினாலும் கேட்காத இன்சூரன்ஸ் பில்லில் சேர்ந்து வருகிறது. வயதாகிவிட்டதால் கவனம் குறைந்துவிட்டதா? பேசாமல் பட்டன் போன் வாங்கிக் கொடுத்துவிடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: கவனம் குறைந்ததால் இது நடக்கவில்லை. அப்பாவின் வயதில் பாதி கூட ஆகாதவர்களும், கம்ப்யூட்டர் முன்னாலேயே வேலை பார்ப்பவர்களும் இதே இடத்தில் சிக்குகிறார்கள். அந்தத் திரைகள் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன.

மார்க்கெட்டில் அவர் எப்படி வாங்குகிறார் என்று நினைத்துப் பாருங்கள். வெங்காயத்தைக் கையில் எடுத்து அழுத்திப் பார்ப்பார். விலை சொல்லும்போது கடைக்காரர் முகத்தைக் கவனிப்பார். கட்டுப்படியாகாது என்றால் அடுத்த கடைக்கு நடந்துவிடுவார். வாழ்நாள் முழுக்கப் பழகிய திறமை அது. போன் திரையில் அந்தத் திறமைக்கு வேலையே இல்லை. படித்துப் பார்க்க முகம் கிடையாது, பேரம் கிடையாது. வேண்டாம் என்று வெளியே போகும் பொத்தானை எங்கே வைப்பது, எந்த நிறத்தில் வைப்பது என்பதையும் விற்பவர்தான் தீர்மானிக்கிறார்.

அந்த ஒரு ரூபாய்க்கு வருவோம். அப்பா பொய் சொல்லவில்லை. பெரிய எழுத்தில் அவர் பார்த்தது ₹1. அதன் கீழே பொடி எழுத்தில், சோதனைக் காலம் முடிந்ததும் மாதக் கட்டணம் இவ்வளவு என்று இருந்திருக்கும். அவர் யுபிஐ பின் போட்டது அந்த ஒரு ரூபாயைக் கட்டுவதற்கு மட்டுமல்ல. "இனி மாதாமாதம் இந்தத் தொகை வரை என்னைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்" என்ற அனுமதியையும் அதே பின் கொடுத்துவிட்டது. இதுதான் ஆட்டோபே. டீக்கடையில் பணம் கொடுக்கவும், கரண்ட் பில் கட்டவும் தினமும் போடுகிற பின் அது. விரல் அதற்குப் பழகிவிட்டது. பழகிய செயலை மனம் நின்று யோசிப்பதில்லை. ஒரு ரூபாய் என்பதும் யோசிக்க வைக்காத தொகை. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டுதான் சலுகையை வடிவமைக்கிறார்கள்.

பணம் ஒரு தடவை போக ஆரம்பித்த பிறகு வேறொரு பழக்கம் வேலை செய்கிறது. நாம் ஒன்றும் தொடாவிட்டால் எது நடக்குமோ, அதையே பெரும்பாலும் நடக்கவிட்டுவிடுகிறோம். எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் ஐரோப்பிய நாடுகளின் உடலுறுப்பு தான ஒப்புதலை ஒப்பிட்டார்கள். ஜெர்மனியில் தானம் செய்ய விரும்புபவர் தாமாக முன்வந்து பதிய வேண்டும். ஒப்புதல் சுமார் 12 சதவீதம். பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் விரும்பாதவர்தான் மறுப்பைப் பதிய வேண்டும். ஒப்புதல் 99 சதவீதத்துக்கும் மேல். ஆஸ்திரியர்கள் எல்லாம் கொடை வள்ளல்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆவணத்தில் ஒப்புதல் இருப்பதாலேயே அத்தனை உறுப்புகள் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடவும் இல்லை. எந்தப் பக்கம் படிவம் நிரப்பும் வேலை வைக்கப்படுகிறதோ, அந்தப் பக்கம் மனிதர்கள் போவதில்லை என்பதைத்தான் அந்த எண்கள் காட்டுகின்றன. சந்தா விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சேர்வதற்கு ஒரு தட்டல் போதும். விலகுவதற்கு மெனுவுக்குள் மெனு, ஒரு கேள்வித்தாள், "போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம்" என்று ஒரு கெஞ்சல்.

பெரிய நிறுவனங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. அமேசானின் பிரைம் சந்தாவிலிருந்து விலகும் நடைமுறையை எதிர்த்து அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023-இல் வழக்குப் போட்டது. அந்த நடைமுறைக்கு நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்று அந்த வழக்கு சொன்னது. நெடிய போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர் அது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

இத்தகைய வடிவமைப்புகளுக்கு டார்க் பேட்டர்ன் என்று 2010-இல் பெயர் வைத்தவர் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர். நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 13 வகைகளைப் பட்டியலிட்டு, இவை கூடாது என்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. உங்கள் வீட்டில் நடப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விலக முடியாதபடி சந்தாவில் மாட்டவைப்பது ஒன்று. கேட்காத பொருளையோ சேவையையோ பில்லில் நுழைப்பது இன்னொன்று. இல்லாத அவசரத்தை உண்டாக்குவது மற்றொன்று. இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொல்ல, "நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்த வைத்துக் கூச்சப்பட வைப்பதைக்கூட அந்த நெறிமுறை உதாரணமாகச் சொல்கிறது. அந்தப் பொத்தானைப் பார்த்து ஒரு நொடி தயங்கினால், அதற்காக அப்பா வெட்கப்பட வேண்டியதில்லை. கையில் இருப்பதை இழப்பது, அதே அளவு கிடைக்கும் லாபத்தைவிட நம்மை அதிகம் பாதிக்கிறது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எழுதினார்கள். "இன்னும் இரண்டுதான் மீதி", "சலுகை பத்து நிமிடத்தில் முடியும்" போன்றவை எல்லாம் அந்தப் பயத்தைத் தொட்டு எழுதப்படும் வாசகங்கள்தான்.

இனிச் செய்ய வேண்டியது. ஆப்பை போனிலிருந்து நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. அனுமதி ஆப்பிடம் இல்லை, வங்கிக் கணக்கோடு சேர்ந்திருக்கிறது. அப்பா பயன்படுத்தும் யுபிஐ ஆப்பைத் திறந்து, அவருடைய புரொஃபைல் பகுதியில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற இடத்துக்குப் போங்கள். நடப்பில் உள்ள அனுமதிகள் அங்கே வரிசையாக இருக்கும். வேண்டாதவற்றை ரத்து செய்யுங்கள். இரண்டு மூன்று யுபிஐ ஆப் வைத்திருந்தால் ஒவ்வொன்றிலும் பார்த்துவிடுவது நல்லது. பிளே ஸ்டோரிலும் சந்தாக்களுக்கென்று தனி இடம் இருக்கிறது, அதையும் பாருங்கள். டெபிட் கார்டு எண்ணை எங்காவது கொடுத்திருந்தால், வங்கி ஆப்பில் அந்தக் கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை அணைத்து வைக்கலாம். ரிசர்வ் வங்கி 2020-இலேயே இந்த வசதியைக் கட்டாயமாக்கிவிட்டது.

ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வந்தாக வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். அப்பாவுக்கும் வந்திருக்கும். ஆங்கிலத்தில், விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு நடுவே போயிருக்கும். அந்தத் தகவல் எப்படி இருக்கும் என்று பழைய ஒன்றைத் தேடியெடுத்து அவருக்குக் காட்டிவிடுங்கள்.

போன பணம் முழுவதும் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் கேட்காமல் விடக் கூடாது. சலுகைத் திரை, பில், பணம் போன விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள். சரியான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், தமிழிலேயே புகார் சொல்லலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின் போடாமலே பணம் போயிருந்தாலோ, யாரோ அனுப்பிய லிங்க்கைத் தொட்டதும் போயிருந்தாலோ அது வேறு விவகாரம், மோசடி. அதற்கு 1930, அதுவும் உடனே.

இனிமேல் நடக்காமலிருக்க, "கவனமாக இருங்கள்" என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை திரைகளில் ஒருவர் கவனமாக இருக்க முடியும்? அவர்கள் எந்த வழியில் உள்ளே வருகிறார்களோ, அந்த வழியில் கொஞ்சம் தடங்கல் வையுங்கள். பென்ஷன் வரும் கணக்கை யுபிஐயிலிருந்து எடுத்துவிட்டு, மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் வேறொரு கணக்குக்கு மாற்றி அதை இணைக்கலாம். எனக்குக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். தப்பு நடந்தாலும் அதன் அளவு சிறியதாக இருக்கும். ஷாப்பிங் ஆப்களின் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். வாங்க நினைத்ததைக் கூடையில் போட்டு, மறுநாள் காலையில் பில்லை ஒவ்வொரு வரியாகப் பார்த்து, கேட்காத வரியை நீக்கிவிட்டு வாங்கச் சொல்லுங்கள். அவசரம் நிஜமாக இருந்தால் ஒரு பொருள் கைவிட்டுப் போகும், அவ்வளவுதான்.

பட்டன் போன் வேண்டாம் என்பேன். ரயில் டிக்கெட், கரண்ட் பில், பேரப் பிள்ளைகளோடு வீடியோ கால் எல்லாம் அதோடு போய்விடும். தான் ஏமாந்ததற்கு வீட்டில் தண்டனை கிடைத்தது என்றும் அவருக்குத் தோன்றும். அப்படித் தோன்றிவிட்டால் அடுத்த தடவை பெரிய தொகை போனாலும் உங்களிடம் சொல்ல மாட்டார். அதுதான் எனக்கு இருக்கும் பெரிய பயம். அவர் பணம் கொடுக்கும்போதெல்லாம் உங்கள் அனுமதி கேட்கும்படி யுபிஐயில் ஏற்பாடு செய்யவும் வழி இருக்கிறது. ஐம்பது ரூபாய்க்குக் காய் வாங்கவும் மகளிடம் கேட்க வேண்டும் என்ற நிலையை, குடும்பத்தைச் சம்பாதித்துக் காப்பாற்றிய மனிதருக்கு இப்போதே கொண்டுவர வேண்டாம். ரத்து செய்யும் வேலையையும் நீங்கள் போனை வாங்கிச் செய்துவிடாதீர்கள். போன் அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லுங்கள், பொத்தானை அவரே அழுத்தட்டும். முடித்துவிட்டு, பாஸ்புக்கில் மாதாமாதம் என்ட்ரி போடுவதைத் தொடரச் சொல்லுங்கள்.