பழைய ஸ்கார்பியோவைத் தானமாகக் கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கமுங்க. எங்க அப்பா பேருல 2012 ஸ்கார்பியோ ஒண்ணு நிக்குது. அவருக்குக் கண்பார்வை குறைஞ்சதால இப்ப ஓட்டறதில்லைங்க. நான் கோயமுத்தூர்ல சின்ன வண்டி வெச்சிருக்கறேன். யாவாரி அடிமாட்டு விலைக்குக் கேக்கறாரு. அதுக்கு, கடம்பூர் மலையில பள்ளிக்கூடம் நடத்தற ஒரு அறக்கட்டளைக்கே குடுத்துட்டா புண்ணியமாப் போகும், எனக்கும் வருமான வரியில கழிவு கிடைக்கும்னு ஊட்டுக்காரர் சொல்றாரு. சரிங்களா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: புண்ணியக் கணக்கு எனக்குத் தெரியாதுங்க. வரிக்கழிவு மட்டும் கிடைக்காது. நன்கொடைக்குக் கழிவு தரும் பிரிவு (80ஜி என்பார்கள்) பணமாகக் கொடுப்பதற்கு மட்டும்தான். வண்டி, அரிசி மூட்டை, துணிமணி என்று பொருளாகக் கொடுத்தால் ஒரு ரூபாய்கூடக் கழியாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் செல்லாது. நீங்கள் புதிய வரிமுறையில் இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

கழிவுதான் வேண்டும் என்றால் வண்டியை விற்றுப் பணத்தை வங்கி வழியாக அனுப்புங்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. விற்ற பணம் அப்பா கணக்கில்தான் வர வேண்டும். அவர் வரி கட்டாதவர் என்றால் அந்தப் பணத்தை உங்களுக்குக் கொடுத்து, உங்கள் கணக்கிலிருந்து போகட்டும்; அப்பா மகளுக்குக் கொடுப்பதற்கு வரி இல்லை. பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும், அதற்கும் வருமானத்தில் 10 சதவீதம் என்ற வரம்பு உண்டு. அறக்கட்டளை தரும் நன்கொடைச் சான்றை (10பிஇ என்பார்கள்) கேட்டு வாங்குங்கள். வெறும் ரசீதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

வரியை விடுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வண்டி வேண்டுமா என்று யாராவது கேட்டீர்களா? உங்கள் வண்டிக்கு 2027இல் 15 வருடம் முடிகிறது. அதற்குமேல் ஓட்ட ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022இல் 5,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. வண்டியைத் தகுதிச் சோதனைக்கும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஐந்து வருடம் கழித்து மறுபடியும் இதே வேலை; 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 முதல் 10,000 ரூபாய். டீசல், டயர், இன்சூரன்ஸ், டிரைவர் சம்பளம் எல்லாம் அவர்கள் தலையில்தான் விழும். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டு, ஒரு மரத்தடியில் நிறுத்திவிடுவார்கள். நல்லெண்ணத்தில் கொடுத்த வண்டிகள் பலவும் இப்படித்தான் துருப்பிடிக்கின்றன.

இன்னொன்று, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்க இந்த வெள்ளை போர்டு ஆர்சி போதாது. பள்ளி வாகனத்துக்கு அனுமதி தனி, விதிகள் தனி. ஆசிரியர்கள் போய்வர, அரிசி பருப்பு ஏற்ற, ராத்திரியில் முடியாமல் போன ஒருவரைச் சத்தியமங்கலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர என்றால் தாராளமாக ஆகும். மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் ஓடும் மலைப்பாதையில் ஸ்கார்பியோ மாதிரி உயரமான வண்டிக்கு இருக்கும் மதிப்பு யாவாரிக்குத் தெரியாது. ஓட்ட ஆளும் பராமரிக்கக் காசும் அவர்களிடம் இருந்தால், வரியை மறந்துவிட்டு வண்டியாகவே கொடுங்கள் என்பேன். பிரேக்கும் டயரும் பார்த்து, ஒரு வருட இன்சூரன்ஸையும் கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா. அறக்கட்டளை தன் பத்திர நகல், பான், தீர்மானம் தர வேண்டும். பழைய கடன் ஆர்சியில் இன்னும் ஏறியிருந்தால் முதலில் அதை நீக்கப் படிவம் 35 கொடுக்க வேண்டும்.

கேள்வி: போன வருசம் எங்க பொலிரோவை ஒரு முதியோர் இல்லத்துக்குச் சும்மாவே குடுத்தோமுங்க. படிவத்துல கையெழுத்துப் போட்டதோட சரி. இப்ப வேகமாப் போனதா அபராதம் என்ற போனுக்கு வருது.
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: அபராதம் சின்ன விஷயம். அவர்கள் பெயர் மாற்றவே இல்லை என்பதுதான் பெரிய விஷயம். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்கு ஆர்சியில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுத்தவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். நீங்கள் இருவருமே தவறவிட்டீர்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் நபர் காப்பீட்டை நீங்களே கட்டிவிடுங்கள். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பிறகு இல்லத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால், ஆர்டிஓவுக்கு எழுத்தில் தகவல். அதற்கும் அசையவில்லை என்றால் நேரில் போய் அவர்களைக் கையோடு ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: இன்சூரன்ஸில் 50 சதவீதம் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) சேர்ந்திருக்கிறது. காரைக் கொடுத்தால் அதுவும் போய்விடுமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: போகாதுங்க. அது வண்டிக்கு உள்ளதல்ல, உங்களுக்கு உள்ளது. பெயர் மாறியதும் கம்பெனியிடம் சான்று வாங்கி வைத்தால், 3 வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்கு ஆகும். சாவியைக் கொடுக்கும் முன் ஃபாஸ்டாக்கையும் மூடிவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் விஜயமங்கலம் டோல்கேட்டைத் தாண்டும்போதெல்லாம் உங்கள் காசுதான் போகும்.